வாசகர் கேள்வி–பதில்: கிரேக்க ஊர்களும் அவற்றின் பெயர்களும்

பண்டைய கிரேக்க ஊர்ப் பெயர்களைப் பற்றி வந்திருந்த கேள்விகளுக்கு மட்டும் இந்த இதழில் விடையளிக்கிறோம்.

கேள்வி: கொரிந்தோஸ் என்ற வீரனால் கொரிந்து நகருக்கும், அத்தீனா தேவியால் ஏதென்ஸ் நகருக்கும் பெயர் வந்ததாகப் படித்திருக்கிறேன். கிரேக்க ஊர்களுக்கு உண்மையிலேயே இப்படித்தான் பெயர்கள் அமைந்தனவா?
— த.மு., திருநெல்வேலி

இல்லை. பெரும்பாலும் பெயர் முந்தியது, கதை பிந்தியது. ஊர்ப் பெயரின் பொருள் மறந்துபோன பிறகு, அதே பெயருடைய ஒரு மூதாதையை உண்டாக்கி, அவனை ஒரு கடவுளுக்கு மகனாக்கி, அவனால்தான் ஊருக்குப் பெயர் வந்தது என்று சொல்லிக்கொள்வது கிரேக்கரிடம் பரவலாக இருந்த வழக்கம். படித்த கிரேக்கர் எல்லோரும் இதை நம்பிவிடவும் இல்லை. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கிரேக்க நாட்டை ஊர் ஊராகச் சுற்றிப் பார்த்து எழுதிய பவுசானியாஸ், கொரிந்தோஸ் என்பவன் ஜீயஸின் மகன் என்பதைக் கொரிந்து நகரத்தாரில் பெரும்பாலோரைத் தவிர வேறு யாரும் மெய்யாகவே சொல்லித் தாம் அறிந்ததில்லை என்று குறித்து வைத்திருக்கிறார். மைசீனி நகருக்கு அவர் மூன்று விளக்கங்கள் தருகிறார். பெர்சியஸ் என்ற வீரனின் வாளுறையிலிருந்து அதன் குமிழ் அங்கே விழுந்தது என்றும், அந்தக் குமிழுக்குக் கிரேக்கத்தில் வழங்கும் ‘மைகேஸ்’ என்ற சொல்லே ஊர்ப் பெயரானது என்றும் ஒரு கதை. தாகத்தால் தவித்த அதே பெர்சியஸ் அங்கிருந்த காளான் ஒன்றைப் பிடுங்கியபோது நீர் பெருகியது என்பது இன்னொரு கதை. காளானுக்கும் ‘மைகேஸ்’ என்றே பெயர். இரண்டும் வேண்டாம் என்பவர்களுக்கு மைகேனே என்ற பெண் ஒருத்தியும் இருக்கிறாள். ஒரே பெயருக்கு மூன்று கதைகள் வழங்கினால், மூன்றில் எதுவும் அதன் பிறப்பை அறிந்தவர்கள் சொன்னதில்லை என்று கொள்வதே அறிவுடைமை.

பிறப்பைத் தேட வேண்டிய இடம் பெயரின் ஈறு. கொரிந்தோஸ், ஜாகிந்தோஸ், புரோபலிந்தோஸ் என ‘-ந்தோஸ்’ என்று முடியும் பெயர்களும், க்னோசோஸ், பர்னாசோஸ், திலிசோஸ் என ‘-ஸோஸ்’ என்று முடியும் பெயர்களும் கிரேக்க நிலமெங்கும் பரவிக் கிடக்கின்றன. இந்த ஈறுகளுக்குக் கிரேக்க மொழியில் பொருள் கிடையாது. ஊர்ப் பெயர் அல்லாத சில சொற்களிலும் இவை வருகின்றன. அச்சொற்கள் எவை என்று பார்த்தால் செய்தி விளங்கும். குளியல் தொட்டிக்கு ‘அசமிந்தோஸ்’, சுற்றுவழி மாளிகைக்கு ‘லபிரிந்தோஸ்’, சைப்ரஸ் மரத்துக்கு ‘கிபாரிசோஸ்’. புதிதாக ஒரு நாட்டில் குடியேறுகிறவர்கள் அங்கே முதன்முதலாகக் காணும் மரத்துக்கும் பூவுக்கும் வீட்டு வசதிக்கும் உள்ளூரார் வைத்திருந்த பெயரையே எடுத்துக்கொள்வார்கள். 1896-இல் ஜெர்மானிய மொழியறிஞர் பவுல் கிரெட்ச்மர் இந்த ஈறுகளைத் தொகுத்து ஆராய்ந்து, இவை கிரேக்கம் பேசுவோர் வருவதற்கு முன் அந்த நிலத்தில் வழங்கிய மொழியின் எச்சங்கள் என்றார். 1928-இல் அமெரிக்க அறிஞர்களான ஹேலியும் பிளேகனும் இப்பெயர்களை வரைபடத்தில் குறித்து, அவை தொடக்க வெண்கலக் காலக் குடியிருப்புகள் அமைந்த பகுதிகளோடு ஒத்துப்போவதைக் காட்டினார்கள். அந்த மொழி எது என்பதில்தான் இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை. இன்றைய துருக்கியின் நிலப்பரப்பில் வழங்கிய லூவிய மொழியோடு அதற்கு உறவு இருந்தது என்போர் பர்னாசோஸ் மலையைச் சான்று காட்டுவார்கள். லூவியத்தில் ‘பர்ன’ என்றால் வீடு. வீடு, அதாவது தெய்வத்தின் இல்லம், மலைக்குப் பெயராவது இயல்புதானே என்பது அவர்கள் வாதம்.

ஏதென்ஸைப் பொறுத்தவரை, தேவியால் ஊருக்குப் பெயரா, ஊரால் தேவிக்குப் பெயரா என்பது பழைய வழக்கு. பொசைடன் உப்பு நீரூற்றையும் அத்தீனா ஒலிவ மரத்தையும் தந்து போட்டியிட்ட கதை எல்லோருக்கும் தெரியும். ஆனால் க்னோசோஸில் கிடைத்த, ஏறத்தாழ 3,400 ஆண்டுகளுக்கு முந்தைய களிமண் பலகை ஒன்றில் ‘அத்தானாவின் தலைவி’ என்று படிக்கத்தக்க ஒரு தொடர் இருக்கிறது. அங்கே அத்தானா ஒரு இடப்பெயர் என்பதே பல அறிஞர்களின் கருத்து. அது சரியென்றால், ஊர்தான் தேவிக்குப் பெயர் கொடுத்தது. எனக்கு அந்தக் கட்சியே வலுவுள்ளதாகத் தோன்றுகிறது.

கேள்வி: அப்படியானால் கிரேக்கச் சொல்லால் ஆன கிரேக்க ஊர்ப் பெயர்களே இல்லையா?
— வாசகி, தஞ்சாவூர்

நிறைய உண்டு. பாரசீகப் படையை கி.மு. 480-இல் ஸ்பார்ட்டா வீரர்கள் தடுத்து நின்ற தெர்மோபிலே என்ற கணவாயின் பெயருக்குச் ‘சூடான வாயில்கள்’ என்று பொருள். வெந்நீர் ஊற்றுகளும் குறுகிய வழியும் அங்கே இருந்தன. கதை எதுவும் தேவைப்படவில்லை.

செடிகொடிகளால் ஆன பெயர்கள் சுவையானவை. கிரேக்கத்தில் ‘-ஊஸ்’ என்று முடியும் ஊர்ப் பெயர்கள் பலவற்றுக்கு ‘இன்னது மிகுந்த இடம்’ என்று பொருள். மிர்ட்டில் செடி மிகுந்தது மிரினூஸ், ஒரு வகை முட்செடி மிகுந்தது ராம்னூஸ், செலரிக் கீரை மிகுந்தது சிசிலித் தீவிலுள்ள செலினூஸ். இந்த ஈறு முற்காலத்தில் ‘-வெந்த்’ என்று ஒலித்தது. வடமொழியில் ‘-வந்த்’ என்று வரும் ஈறும் இதுவும் ஒரே மூலத்தைச் சேர்ந்தவை. தனம் மிகுந்தவரைத் தனவந்தர் என்று நாம் சொல்லும்போது, செலினூஸ் நகரின் பெயரில் உள்ள அதே உறுப்பைத்தான் வடமொழி வழியாகக் கடன் வாங்கிப் பயன்படுத்துகிறோம். கி.மு. 490-இல் போர் நடந்து, பின்பு நெடுந்தொலைவு ஓட்டத்துக்கே பெயராகிவிட்ட மாரத்தான் சமவெளியின் பெயரும் ஒரு செடியிலிருந்து வந்ததுதான். ‘மாரத்தோன்’ என்றால் பெருஞ்சீரகம், நாம் பேச்சு வழக்கில் சோம்பு என்று சொல்வது. மைசீனியில் கிடைத்த பழைய களிமண் பலகைகளில் மசாலாப் பொருள்களின் கணக்கில் இச்சொல் வருகிறது.

பெயரின் பொருள் தெரிந்திருந்த ஊர்கள் அதை நாணயத்தில் பொறித்துப் பெருமைப்பட்டுக்கொண்டன. ரோட்ஸ் தீவார் தங்கள் நாணயத்தில் ரோஜாவைப் பொறித்தார்கள். ‘ரோதோன்’ என்றால் ரோஜா. செலினூஸ் செலரி இலையையும், போகாயா நகரம் ‘போகே’ என்ற கடல்நாயையும் பொறித்தன. இவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது சிசிலியின் சாங்க்ளே நகரத்து வெள்ளிக் காசு. அந்நகரின் துறைமுகம் அரிவாள் போல வளைந்தது. அங்கே கிரேக்கருக்கு முன்பே வாழ்ந்த சிகெல் மக்கள் அரிவாளைச் ‘சாங்க்ளோன்’ என்று அழைத்ததால் அப்பெயர் வந்தது என்று வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதுகிறார். காசில் அரிவாள் வடிவக் கரையும், அதற்குள் நீந்தும் ஒரு டால்பினும், உள்ளூர் எழுத்துக்கூட்டலில் ‘தாங்க்ளே’ என்ற பெயரும் இருக்கின்றன. குடியேறிய கிரேக்கர்கள் தங்களுடையதல்லாத ஒரு சொல்லை ஏற்று, அதைப் படமாகவும் வரைந்துவிட்டார்கள். பின்னாளில் அந்த ஊர் மெசானா ஆகி, இன்று மெசினா என்று வழங்குகிறது.

கேள்வி: விவிலியத்தில் கொரிந்தியர், எபேசியர், பிலிப்பியர் என்று மக்களுக்குத்தான் கடிதங்கள் எழுதப்படுகின்றன, ஊர்களுக்கு அல்ல. இது வெறும் மரியாதையா, அல்லது கிரேக்க வழக்கமா?
— ஜெ.அ., தூத்துக்குடி

கிரேக்க வழக்கமே. இன்று ‘ஏதென்ஸ் போர் தொடுத்தது’ என்று எழுதுகிறோம். பண்டைய கிரேக்கர் ‘ஏதென்ஸார் போர் தொடுத்தார்கள்’ என்றே எழுதினார்கள். ஒப்பந்தக் கல்வெட்டுகளில் கையெழுத்திடுவது ஊர் அன்று, ஊரார். கி.மு. 454 முதல் ஏதென்ஸில் கல்லில் வெட்டப்பட்ட நேச நாடுகளின் திறைப் பட்டியல்களிலும் பெரும்பாலும் ‘மிலேட்டஸார் இவ்வளவு’ என்ற முறையில்தான் வரவு எழுதப்பட்டிருக்கிறது. ஸ்பார்ட்டா என்ற பெயர் நமக்கு எவ்வளவு பழக்கமானதாக இருந்தாலும், அந்த அரசின் அலுவல்முறைப் பெயர் லாக்கெடைமோனியர் என்பதே.

இது இலக்கணத்தோடு நின்றுவிடும் செய்தி இல்லை. கி.மு. 480-இல் பாரசீகர் ஏதென்ஸைக் கைப்பற்றி எரித்த பின், சலாமிஸ் தீவில் நடந்த ஆலோசனையில் கொரிந்தியத் தளபதி அடைமாந்தோஸ், ஊரே இல்லாதவனுக்குப் பேச என்ன உரிமை என்று ஏதென்ஸின் தெமிஸ்டோக்ளிஸை ஏளனம் செய்தார். ஆட்கள் நிறைந்த 200 கப்பல்கள் இருக்கும்வரை எங்கள் ஊர் உங்கள் ஊரைவிடப் பெரியது என்பது தெமிஸ்டோக்ளிஸ் தந்த பதில் என்று ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். மெசேனியரின் கதை இதைவிட வலுவான சான்று. ஸ்பார்ட்டாவுக்கு அடிமைப்பட்ட அவர்களில் ஒரு பகுதியினர் தப்பிச் சென்று நவ்பாக்டோஸ் என்ற துறைமுகத்தில் குடியமர்ந்தார்கள். ஒலிம்பியாவில் அவர்கள் நிறுவிய வெற்றித் தேவியின் சிலைப் பீடத்தில் ‘மெசேனியரும் நவ்பாக்டியரும்’ பகைவரிடம் பெற்றதில் பத்தில் ஒரு பங்கைப் படைத்ததாகப் பொறித்திருக்கிறார்கள். அப்போது மெசேனே என்றொரு நகரமே கிடையாது. கி.மு. 369-இல்தான், தீப்ஸ் நகரத்துத் தளபதி எபமினோண்டாஸின் முயற்சியால் அது எழுப்பப்பட்டது. ஊர் உருவாகும் முன்பே ஊரார் இருந்தார்கள்.

கேள்வி: பண்டைய ஏதென்ஸில் ஒருவர் தம் பெயரோடு ஊர்ப் பெயரையும் சேர்த்துக்கொள்வாராமே?
— சு.க., சேலம்

ஆம், அது சட்டத்தோடு இணைந்த வழக்கம். கி.மு. 508-ஐ ஒட்டி கிளைஸ்தெனிஸ் செய்த சீர்திருத்தத்தின்படி ஏதென்ஸ் நாடு ‘தேமோஸ்’ எனப்பட்ட சிற்றூர்களும் நகரப் பகுதிகளுமாக வகுக்கப்பட்டது, மொத்தம் 139. ஒவ்வொரு ஆண்மகனும் 18 வயதில் தன் தேமோஸின் பதிவேட்டில் சேர்க்கப்பட்டால்தான் குடிமகன். அதனால் முழுப் பெயர் என்பது தன் பெயர், தந்தை பெயர், ஊர்ப் பெயர் மூன்றும் சேர்ந்தது: பெரிக்ளிஸ், சாந்திப்போஸின் மகன், கோலார்கோஸ் ஊரன். ஊர் தந்தை வழியாக வருவது; வேறிடத்துக்குக் குடிபெயர்ந்தாலும் மாறாது. நகரத்துக்குள்ளேயே பல தலைமுறைகள் வாழ்ந்த குடும்பங்களும், பாட்டன் காலத்தில் விட்டுவந்த கடலோரச் சிற்றூரின் பெயரைத் தொடர்ந்து சுமந்தன.

அகழாய்வில் கிடைத்த பானை ஓடுகளில் இந்தப் பெயர்களை இன்றும் படிக்கலாம். ஆபத்தானவர் என்று கருதப்பட்ட தலைவரைப் பத்தாண்டுகள் நாடுகடத்த வேண்டுமென்றால், அவர் பெயரை ஓட்டில் கீறி வாக்களிக்க வேண்டும். ‘தெமிஸ்டோக்ளிஸ், நியோக்ளிஸின் மகன், ஃப்ரியாரி ஊரன்’ என்று கீறிய ஓடுகள் குவியலாகக் கிடைத்திருக்கின்றன. அக்ரோபோலிஸ் குன்றின் வடசரிவில் ஒரு கிணற்றில் அகப்பட்ட ஏறத்தாழ 190 ஓடுகளை ஒரு சிலர் கையே எழுதியிருக்கிறது என்று எழுத்தமைதியிலிருந்து கண்டறிந்தார்கள். முன்கூட்டியே எழுதி வாக்காளர் கையில் கொடுக்கும் கலை நம் காலத்தில் தோன்றியதன்று.

கேள்வி: ஹோமரின் காவியத்தில் முதியவர் நெஸ்டர் ஆண்ட பைலோஸ் நகரத்துக்கு மூன்று ஊர்கள் உரிமை கொண்டாடின என்று படித்தேன். எது உண்மையான பைலோஸ்?
— பேரா. ந.வெ., கோயம்புத்தூர்

பண்டைக் காலத்திலேயே இது பழமொழியாகிவிட்ட குழப்பம். ‘பைலோசுக்கு முன்னே ஒரு பைலோஸ் உண்டு, வேறொரு பைலோசும் உண்டு’ என்ற செய்யுள் அடியைப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எடுத்துக்காட்டுகிறார். பெலொப்பனீசத்தின் மேற்குக் கரையில் எலிஸ், திரிபிலியா, மெசேனியா ஆகிய மூன்று பகுதிகளிலும் ஆளுக்கொரு பைலோஸ் இருந்தது. ஸ்ட்ராபோ நடுவிலுள்ள திரிபிலியாவின் பக்கம் நின்றார். மெசேனியாவின் பைலோஸ், நவரினோ விரிகுடாவின் ஓரத்தில் உள்ள ஒரு பாறை முனை. கி.மு. 425-இல் ஏதென்ஸ் படை அதைப் பிடித்து அரண் கட்டியது. அப்போதே ஸ்பார்ட்டார் அதைக் கோரிபாசியோன் என்று அழைத்ததாக துசிடிடீஸ் குறிப்பிடுகிறார்.

1939-இல் கார்ல் பிளேகன், அந்த விரிகுடாவுக்கு வடக்கே ஆனோ எங்லியானோஸ் என்ற குன்றின் மேல் ஒலிவத் தோப்பு ஒன்றில் தோண்டத் தொடங்கினார். மேலே நான் சொன்ன 1928ஆம் ஆண்டு ஆய்வின் ஆசிரியர்களுள் ஒருவரான அதே பிளேகன்தான். முதல் நாள் தோண்டிய பள்ளமே ஓர் அரண்மனையின் ஆவண அறைக்குள் இறங்கியது. தீயில் சுட்டுப்போன களிமண் பலகைகள் கொத்துக் கொத்தாக வந்தன. ஆனால் அந்த எழுத்தை, ‘லீனியர் பி’ என்று நாம் அழைக்கும் எழுத்தை, அப்போது யாராலும் படிக்க முடியவில்லை.

அதைப் படிக்க வைத்தவை ஊர்ப் பெயர்களே. அமெரிக்கரான அலிஸ் கோபர், கிரீட் தீவின் பலகைகளில் சில சொற்கள் முற்பகுதி மாறாமல் ஈறு மட்டும் மாறி மும்மூன்றாக வருவதைக் கண்டுபிடித்து, இம்மொழியில் சொற்கள் உருபேற்று மாறுகின்றன என்று நிறுவினார். கட்டிடக் கலைஞரான மைக்கேல் வென்ட்ரிஸ் அந்த மும்மைகள் கிரீட்டின் ஊர்ப் பெயர்களாக இருக்கலாமே என்று ஊகித்தார். கணக்கேடுகளில் அடிக்கடி வருவது ஊர்ப் பெயர்தான். அரசும் மொழியும் மாறினாலும் அதிகம் மாறாமல் நிற்பதும் ஊர்ப் பெயர்தான். ஹோமரில் வரும் துறைமுகமான அம்னிசோஸின் பெயரை ஒரு சொல்லில் பொருத்திப் பார்த்தார்: ‘அ-மி-நி-சோ’. அதில் தெரிந்த ஒலிகளை அடுத்த சொல்லில் இட்டபோது ‘கோ-நோ-சோ’, க்னோசோஸ், கிடைத்தது. அடுத்து ‘து-ரி-சோ’, திலிசோஸ். அந்த எழுத்தில் ‘ல’ வரிசைக்கும் ‘ர’ வரிசைக்கும் வேறுபாடு இல்லை, சொல்லிறுதி ‘ஸ்’ எழுதப்படுவதும் இல்லை. 1952-இல் எழுத்து முழுவதும் பிடிபட்டது; அது எழுதியது கிரேக்க மொழியையே என்பது வென்ட்ரிஸுக்கே வியப்பு. கிரேக்கமல்லாத பழைய ஊர்ப் பெயர்கள் கிரேக்கத்தின் மிகப் பழைய எழுத்தைத் திறந்துவிட்டன என்பதை நினைக்க நினைக்க எனக்கு அலுப்பதில்லை.

எங்லியானோஸ் பலகைகளில் திரும்பத் திரும்ப வரும் ‘பு-ரோ’ என்ற சொல் பைலோஸ். ஆகவே வெண்கலக் காலத்துப் பைலோஸ் மெசேனியாவில் இருந்தது என்பதில் ஐயமில்லை. ஸ்ட்ராபோவின் தீர்ப்பு நிற்கவில்லை. ஆனால் ஹோமர் சொன்ன ஊர் இதுதானா என்பது வேறு கேள்வி. காவியத்தில் நெஸ்டரின் நாட்டுக்கு ஒன்பது ஊர்கள் சொல்லப்படுகின்றன. பலகைகளிலும் அரண்மனையை ஒட்டிய மாநிலத்தில் ஒன்பது ஊர்கள் வருகின்றன. எண்ணிக்கை பொருந்துகிறது, பெயர்கள் பெரும்பாலும் பொருந்தவில்லை. கி.மு. 1200-ஐ ஒட்டி அரண்மனை எரிந்தபின் பெயர் மட்டும் கீழே இறங்கிப் பாறை முனைக்குச் சென்றது. விரிகுடாவின் தென்கோடியில் நெடுங்காலம் நவரினோ என்று வழங்கிய ஊருக்கு இன்று பைலோஸ் என்று பெயர். மூன்றாவது இருக்கை.

கேள்வி: கருங்கடலுக்குக் கிரேக்கர் ‘விருந்தோம்பும் கடல்’ என்று பெயரிட்டது ஏன்? அது புயலுக்குப் பேர்போன கடலாயிற்றே?
— இரா.பொ., நாகப்பட்டினம்

பயத்தினால்தான். அதன் பழைய கிரேக்கப் பெயர் ‘அக்சைனோஸ்’, அதாவது விருந்தோம்பாதது. நல்லதாகவே சொல்லிவைப்போம் என்று அதை ‘யூக்சைனோஸ்’ ஆக்கினார்கள். அந்தப் பழைய பெயரும், கருநிறத்தைக் குறிக்கும் ‘அக்ஷைன’ என்ற ஈரானியச் சொல்லைக் கிரேக்கர் தம் காதுக்கேற்பக் கேட்டதால் வந்தது என்று மொழியறிஞர்கள் கருதுகிறார்கள். அப்படியானால் ‘கருங்கடல்’ என்பதே முதற்பெயர். விருந்தோம்பல் பற்றிய பேச்சு முழுவதும் பின்னால் வந்த கதை.

கேள்வி: அலெக்சாந்தரும் அவருடைய தளபதிகளும் ஆசியாவெங்கும் கிரேக்கப் பெயர்களைச் சூட்டினார்கள். அவற்றுள் சில மட்டும் நிலைத்து, பல மறைந்தது ஏன்?
— மா.ச., புதுச்சேரி

சூட்டிய வேகத்தை முதலில் பார்க்க வேண்டும். அலெக்சாந்தரின் தந்தை பிலிப்பு, ‘ஊற்றுகள்’ என்று பொருள்படும் கிரேனிதேஸ் என்ற ஊரைக் கி.மு. 356-இல் கைப்பற்றித் தம் பெயரால் பிலிப்பி ஆக்கினார். மகன் தம் பெயரில் பல நகரங்களை நிறுவியதோடு, ஜீலம் ஆற்றங்கரையில் தம் குதிரையின் பெயரால் பூக்கெபாலா என்ற ஊரையும் அமைத்தார். தளபதி செலூக்கோஸ் எல்லோரையும் மிஞ்சினார். தந்தை பெயரால் 16 அந்தியோகியாக்கள், தாய் பெயரால் 5 லவோதிக்கேயாக்கள், தம் பெயரால் 9 செலூக்கியாக்கள், மனைவியர் பெயரால் 4 நகரங்கள் என்று வரலாற்றாசிரியர் அப்பியான் கணக்குத் தருகிறார். இத்தனை அந்தியோகியாக்களைப் பிரித்தறிய ‘தாப்னே அருகிலுள்ள அந்தியோகியா’ என்பது போன்ற அடைமொழிகள் தேவைப்பட்டன. இவை தவிர, படைவீரர்கள் தங்கள் சொந்த ஊர்களின் நினைவாகச் சிரியாவில் எதெசா, பெரோயா, லாரிசா என்ற மக்கெதோனிய, தெசலியப் பெயர்களையும் இட்டார்கள்.

கி.பி. 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அம்மியானுஸ் என்ற ரோம வரலாற்றாசிரியர், அந்தியோகியாவிலேயே பிறந்தவர் என்று கருதப்படுபவர், இந்த ஊர்கள் கிரேக்கப் பெயர்களால் அழைக்கப்பட்டாலும் நாட்டு மொழியில் தங்கள் பழைய பெயர்களை இழக்கவில்லை என்று கவனித்து எழுதினார். அறுநூறு ஆண்டுகள் கழித்தும் மக்கள் வாயில் பழைய பெயரே இருந்திருக்கிறது. கிரேக்க ஆட்சி வழக்கொழிந்ததும் பெரோயா மறுபடி ஹலப் ஆனது, ஆங்கிலத்தில் அலெப்போ. எதெசா உர்பா ஆனது, பிலதெல்பியா அம்மான் ஆனது, டாலமாயிஸ் அக்கோ ஆனது. இதற்கு மாறாக அலெக்சாந்திரியாவும், அந்தக்யா என்ற பெயரில் அந்தியோகியாவும், லட்டாகியா என்ற பெயரில் லவோதிக்கேயாவும் இன்றும் நிற்கின்றன.

நான் பார்த்தவரை வேறுபாடு இதில் இருக்கிறது: ஏற்கெனவே மக்கள் நிறைந்த பழைய நகரத்தின் மேல் ஒட்டப்பட்ட பெயர் உதிர்ந்தது, சிற்றூராகவோ வெற்றிடமாகவோ இருந்த இடத்தில் புது நகரம் எழுந்தபோது இடப்பட்ட பெயர் ஒட்டிக்கொண்டது. பாலஸ்தீனத்தின் நாப்லுஸ் இதைத் தெளிவாகக் காட்டும். கி.பி. 72-இல் ரோமர் அங்கே ‘நெயாபோலிஸ்’, புதுநகர், என்று ஒன்றைக் கட்டினார்கள். பழைய சீகேம் நகரின் மேல் கட்டாமல், சற்றுத் தள்ளிக் கட்டினார்கள். அரபு மொழியில் ‘p’ ஒலி இல்லாமல் ‘b’ ஒலி மட்டுமே இருப்பதால் நெயாபோலிஸ் நாப்லுஸ் (Nablus) ஆனதே தவிர, பெயர் போகவில்லை. இத்தாலியின் நாப்போலியும் அதே புதுநகர்தான். ஆணையிடும் அரசனுக்குப் பெயர் வைக்க அதிகாரம் உண்டு; அதை வழங்கவேண்டியவர்கள் சந்தைக்குப் போகிறவர்கள்.

கேள்வி: ‘யவனர்’ என்ற சொல் எந்த ஊரிலிருந்து வந்தது? நம் ஊர்ப் பெயர்களைக் கிரேக்கர் எப்படி எழுதினார்கள்?
— அ.ப., மதுரை

ஊரிலிருந்து அன்று, ஒரு மக்கட்குழுவின் பெயரிலிருந்து. ஆசியாமைனரின் மேற்குக் கரையில் வாழ்ந்த ‘இயோனியர்’ தொடக்கத்தில் ‘இயாவோனெஸ்’ என்று அழைக்கப்பட்டார்கள். க்னோசோஸ் பலகையில் ‘இ-ய-வோ-நே’ என்றே இருக்கிறது. கிழக்கு நாடுகள் முதலில் பழகிய கிரேக்கர் அவர்கள்தாம் என்பதால், பாரசீகர் கிரேக்கர் அனைவரையும் ‘யவ்ன’ என்றார்கள். அது வடமொழியில் யவன என்றும், அசோகரின் கல்வெட்டில் யோன என்றும் வந்தது. கிரேக்கத்தில் அந்த வகர ஒலி பின்னாளில் மறைந்து ‘இயோனெஸ்’ ஆகிவிட்டது. சங்கப் பாடல்களின் யவனரில் அது இன்னும் இருக்கிறது.

நம் ஊர்களைப் பொறுத்தவரை, கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ‘பெரிப்ளூஸ்’ என்ற வணிகக் கையேட்டிலும், 2ஆம் நூற்றாண்டில் தாலமி எழுதிய புவியியலிலும் முசிறி ‘மூசிரிஸ்’, தொண்டி ‘திண்டிஸ்’, குமரி ‘கோமர்’, மதுரை ‘மோதூரா’, கருவூர் ‘கரூரா’ என்று வருகின்றன. கொற்கையை அவர்கள் ‘கோல்கோய்’ என்று எழுதியதைக் கவனியுங்கள். கருங்கடலின் கிழக்குக் கரையில், பொன் கம்பளக் கதையில் வரும் மக்களுக்கும் கிரேக்கத்தில் ‘கோல்கோய்’ என்றே பெயர். பாண்டியனை ‘பாண்டியோன்’ என்றார்கள். ஏதென்ஸின் புராண அரசர் ஒருவருக்கும் அதே பெயர். அயல்நாட்டுப் பெயர் காதில் விழுந்தபோது தமக்குத் தெரிந்த பெயரின் அச்சிலேயே அவர்கள் அதை வார்த்துக்கொண்டார்கள் என்றே தோன்றுகிறது. ஈரானியரின் ‘அக்ஷைன’வுக்கு நேர்ந்ததும் இதுவே.

கேள்வி: இன்றைய கிரேக்க நாட்டின் வரைபடத்தில் டெல்பி, ஸ்பார்ட்டா, மைசீனி எல்லாம் அப்படியே இருக்கின்றனவே. மூவாயிரம் ஆண்டுகள் மாறாமல் வந்த பெயர்களா அவை?
— வாசகர், யாழ்ப்பாணம்

நீங்கள் சொன்ன மூன்றும் இடையில் வழக்கொழிந்து மீண்டவை. ஏதென்ஸ், தீப்ஸ் போன்ற சில பெயர்கள் மக்கள் வாயில் தொடர்ந்து வந்தவை என்பது உண்மை. ஆனால் டெல்பி இருந்த இடத்தில் 19ஆம் நூற்றாண்டு வரை கஸ்திரி என்ற சிற்றூர் இருந்தது. 1890களில் பிரெஞ்சு அகழாய்வுக்காக அந்த ஊரையே பெயர்த்துப் பக்கத்தில் குடியமர்த்தினார்கள். மைசீனியை ஒட்டிய ஊர் ஹர்வாத்தி. ஸ்பார்ட்டா, மன்னர் ஓட்டோவின் ஆணையால் 1834-இல் புதிதாக நிறுவப்பட்டது. ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸ், கரையில் நின்ற பெரிய பளிங்குச் சிங்கத்தால் ‘சிங்கத் துறை’ என்ற பொருளில் போர்த்தோ லியோனே என்று நெடுங்காலம் வழங்கியது; அந்தச் சிங்கத்தை 1687-இல் வெனிஸ்காரர்கள் கொண்டுபோய்விட்டார்கள், பெயர் அதன்பிறகும் ஒன்றரை நூற்றாண்டு ஓடியது.

விடுதலைக்குப் பின் அமைந்த கிரேக்க அரசு பழம்பெயர்களை மீட்டதோடு நிற்கவில்லை. 1909-இல் இதற்கென்றே ஒரு குழு அமைக்கப்பட்டது. அடுத்த சில பத்தாண்டுகளில் துருக்கிய, ஸ்லாவிய, அல்பேனியப் பெயர் தாங்கிய ஆயிரக்கணக்கான ஊர்களுக்குக் கிரேக்கப் பெயர்கள் இடப்பட்டன. பழம்பெயர் தெரிந்த இடத்தில் அதை மீட்டார்கள். தெரியாத இடத்தில் பழமையாக ஒலிக்கும் பெயரை ஆக்கினார்கள். அந்த மக்களும் அங்கே நூற்றாண்டுகள் வாழ்ந்தவர்கள் என்ற தடயம் வரைபடத்திலிருந்து இப்படிப் பெருமளவு அழிந்தது. கொரிந்து என்ற பெயரைத் துடைக்காமல் எடுத்துக்கொண்ட முதல் கிரேக்கர்கள் இந்த விஷயத்தில் பெருந்தன்மையாளர்கள்.

கேள்வி: தமிழில் எழுதும்போது ஏதென்ஸ் என்பதா, அத்தேனே என்பதா?
— மொழிபெயர்ப்பாளர், சென்னை

ஏதென்ஸ் ஆங்கில வழியாகவும், அத்தேனே பழைய விவிலிய மொழிபெயர்ப்பு வழியாகவும் வந்தவை. ஒலியில் இரண்டாவதே மூலத்துக்கு நெருக்கமானது. ஆனாலும் பத்திரிகை வாசகருக்கு ஏதென்ஸ் என்றே எழுதுங்கள். கொரிந்து, எபேசு, அந்தியோகியா ஆகியவற்றுக்கு விவிலியத் தமிழ் நல்ல வடிவங்களைத் தந்திருக்கிறது. அவற்றை விட்டு ‘காரிந்த்’, ‘ஆன்டியோக்’ என்று ஆங்கில ஒலிக்கு ஓட வேண்டியதில்லை. தமிழில் இதுவரை வழங்காத பெயர் என்றால் கிரேக்க ஒலியைக் கேட்டு எழுதுங்கள். நூல் முழுவதும் ஒரே வடிவத்தைக் கையாளுங்கள்.